மிக மிக அடங்கவில்லை

எங்கள் காலத்தில் வகுப்பறையில் மரியாதை இருந்தது. அதன் நீளம் இரண்டடி, கனம் சுண்டுவிரல் அளவு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற புளியமரத்தில்தான் அது விளைந்தது. வாரக் கடைசிக்குள் ஒடிந்துபோகும் என்பதால், திங்கட்கிழமை காலையில் புது மரியாதை வெட்டிவர இரண்டு பேரை அனுப்புவார்கள். வெட்டி வந்தவனுக்குத்தான் முதல் அடி. விளாறு முற்றலா, பிஞ்சா என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் ஊரான கச்சிராயபாளையம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர். அங்கிருந்து ஓர் அதிகாரி கிளம்பி, கல்வராயன் மலையடிவாரத்தில் கிடக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் செய்யும் ஆசையே போய்விடும். 1993-இல் விழுப்புரம் மாவட்டமானோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். அலுவலகம் கிட்டே வர வரச் சுற்றறிக்கையும் சீக்கிரம் வருகிறது. பிள்ளைகளிடம் அன்பாக நடந்துகொள்ளும்படி காலையில் வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தால், அன்பாக நடந்துகொண்டதற்கான போட்டோ சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1982-இல். எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியும் அந்தப் பள்ளிதான். சேர்க்க வந்த என் அப்பா வாத்தியாரிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்." வரிசையில் அடுத்து நின்ற அப்பாவும் அதையேதான் சொன்னார். பெற்றோர் ஆசிரியர் கலந்துரையாடல் அதோடு முடிந்தது. அடுத்த கலந்துரையாடல் டி.சி. வாங்க வரும்போதுதான். வாத்தியார்களும் வாக்குத் தவறாதவர்கள். கண்ணை விட்டுவைத்தார்கள்.

வகுப்பில் சுயாட்சியும் இருந்தது. அதற்கு லீடர் என்று பெயர். வாத்தியார் டீ குடிக்கப் போனதும் லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் வலது ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதிக் கீழே கோடு போடுவான். வாயைத் திறந்தால் பேர் ஏறும். மறுபடி திறந்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மசியாதவனுக்கு 'அ.' என்று போடுவான். அடங்கவில்லை என்று பொருள். அப்புறம் 'மி.அ.', அதற்கும் மேலே 'மி.மி.அ.' மிக மிக அடங்கவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தச் சுருக்கெழுத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் லீடருக்கு ஒரு கொய்யாக்காய் கொடுத்தால் ஒரு 'மி' அழியும். இரண்டு கொடுத்தால் பேரே அழியும். பிற்காலத்தில் பட்டா மாற்றப் போனபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியாததற்கு இந்தக் குடிமையியல் பயிற்சிதான் காரணம்.

அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அது பாடத்திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவினால் விளாறு வழுக்கும் என்று மூத்த செட்டு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கால்சட்டைக்குள் எந்த நோட்டை வைத்தால் சத்தம் வெளியே கேட்காது என்பதும் அவர்கள் ஆராய்ந்து சொன்னதுதான். அடி வாங்கி வந்தவன் ஜன்னல் கம்பியில் கையை ஒட்டி வைத்துக்கொள்ள, ஜன்னலோரக்காரன் கேட்காமலே நகர்ந்து இடம் விடுவான். சாயங்காலம் மேட்டில் திணறி ஏறும் கரும்பு லாரியிலிருந்து ஒருவன் உருவுவான். ஒருவன் ஓடிப்போய்ப் பொறுக்குவான். உருவியதைக் கணுவுக்குக் கணு சமமாக முறித்துப் பங்கு போடுவோம். ஒற்றுமையைப் பற்றி யாரும் எங்களுக்கு வகுப்பு எடுத்ததில்லை. பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்தப் பங்கு கடைசி பெஞ்சு வரை போனதில்லை.

கடைசி பெஞ்சு மலைப் பையன்களுக்கு. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர்கள். அவர்களை அங்கே உட்காரச் சொல்லி யாரும் எழுத்தில் உத்தரவு போடவில்லை. முதல் நாளே அவர்களாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உட்கார்ந்தவர்களின் கதை கொஞ்சம் பெரிது. அந்த மலை, தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976-இல்தான் ஜாகிர் ஒழிந்து மலை முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதாவது, எங்கள் வகுப்பு மலைப் பையன்கள் பிறந்தபோது அவர்கள் அப்பாக்கள் ஜாகிர்தாருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிய முதல் ஆள் அந்தப் பையன்தான். ஐந்தாறு வருஷத்தில் இவ்வளவு தூரம் இறங்கி வந்தவனை நாங்கள் "டேய் மலை" என்று கூப்பிட்டோம். வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிட்டார். பதிவேட்டில் பேர் இருந்தது. 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கு மட்டும் அது பயன்பட்டது.

அவர்களில் ஒருவன் நன்றாகக் கணக்குப் போடுவான். சனிக்கிழமை மலைக்கு நடந்து போய், திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பி நடந்தே வருவான். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனுக்கு நேரமாகிவிடும். புது விளாறு வரும் நாளும் அதுதான். சில வாரம் ஒரு சின்ன பாட்டிலில் மலைத்தேன் கொண்டு வருவான். வாத்தியார் அதை வாங்கி மேசையில் தன் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொள்வார். தேனுக்கு முதல் இடம், பையனுக்குக் கடைசி இடம். லேட்டானதற்கான அடி தனிக்கணக்கு. அதில் தேனுக்குக் கழிவு கிடையாது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது 2 வயது முதல் 9 வயது வரைக்கும்தான். நாங்கள் ஆறாம் வகுப்பு; வயது தாண்டிவிட்டது. எங்கள் தம்பிகள் பேர் வெட்டிய அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1984-இல் அதை 15 வயது வரைக்கும் நீட்டினார்கள். அதற்குள் கணக்குப் போடும் பையன் ஏழாம் வகுப்புப் பொங்கல் லீவுக்கு மலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் ஆப்சென்ட் விழுந்தது. அப்புறம் பேரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அவன் ஏன் வரவில்லை என்று மலைக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. கடைசி பெஞ்சில் கை நீட்டி எழுத இடம் கிடைத்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. மாணவர்களை அடிப்பதைத் தமிழ்நாடு அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தித் தடை செய்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை அடிப்பதோடு மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்றது. எங்கள் ஊர் டீக்கடையில் இதைக் கேட்டவர்கள் பெரிய அநீதி நடந்துவிட்டதைப்போல உச்சுக் கொட்டினார்கள். "இனிமே எவன் படிப்பான்?" என்று கேட்டவர் எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு ஓடியவர்.

இடையில் செயல்வழிக் கற்றல் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய முறை. பாயில் வட்டமாகப் பிள்ளைகள், நடுவில் அட்டைகள், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. வாத்தியாரும் தரையில் உட்கார வேண்டும். நாற்காலியைப் பறிகொடுத்த வாத்தியாரைப் பார்த்து ஊரே கலங்கிப்போனது. "வாத்தியாரே தரையில குந்திக்கினா, புள்ளைங்க எங்க குந்தும்?" என்றார் ஒரு பெரியவர். கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது. அப்புறம் அட்டைகள் பீரோவுக்குள் போயின, நாற்காலி திரும்பி வந்தது, ஊர் நிம்மதி அடைந்தது.

2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். இது வேறு பள்ளி. இதற்கும் பேர் வேண்டாம். உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது "தங்கம்". டீச்சர்கள் இப்போது பிள்ளைகளைத் தங்கம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "தங்கம், ஏன் ஹோம்வொர்க் எழுதல?" பவுன் விற்கிற விலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஒரு பிள்ளைக்குக் கிடைக்காது. தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறது. காலையில் சூடாக உப்புமா கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மத்தியானம் முட்டை. எங்கள் காலத்தில் தட்டில் முட்டை கிடையாது; அது 1989-இல் வந்தது, அதுவும் 15 நாளைக்கு ஒன்று. வருகைப் பதிவு செல்போனில். டீச்சர் 'எமிஸ்' செயலியைத் திறந்து டவர் தேடி ஜன்னலோரம் போகிறார். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், டவர்தான் ஆப்சென்ட்.

2024 நவம்பர் முதல் 'மகிழ் முற்றம்'. பள்ளிப் பிள்ளைகளை ஐந்து அணிகளாகப் பிரித்து, ஐந்திணைகளின் பேரை வைத்து, வகுப்புத் தாண்டி ஒன்றாகப் பழக வைக்கும் திட்டம். நல்ல யோசனை. நான் போன அன்று, மலையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை நெய்தல் அணிக்குத் தலைவராக நின்றாள். அவள் பார்த்த பெரிய நீர்நிலை எங்கள் ஊர்க் கோமுகி அணை. குறிஞ்சி அணிக்குத் தலைவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக் கடைக்காரர் பையன். சங்கப் புலவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பெண் முன்னால் நின்றாள், அணிப் பேரைச் சத்தமாகச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் எந்த மலைப் பிள்ளையும் எதற்கும் முன்னால் நின்றதில்லை. நிற்க வைத்தது வெயிலில் மட்டும்தான்.

2025 ஜூலையில் கடைசி பெஞ்சுக்கே முடிவு கட்டப் புறப்பட்டார்கள். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரமாகத் திருப்பிப் போட, அந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கேயும் அடித்தது. 'ப' வடிவில் பெஞ்சு போடச் சொல்லித் தமிழ்நாட்டிலும் சுற்றறிக்கை வந்தது. உடனே மாநிலம் முழுக்கப் பிள்ளைகளின் கழுத்தைப் பற்றிய கவலை எழுந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்காதா, கரும்பலகை தெரியுமா என்று விவாதித்தார்கள். இத்தனை வருஷம் பின்வரிசையில் தலைகளுக்கு இடையே எட்டி எட்டிப் பார்த்த கழுத்துகளைப் பற்றி இந்தக் கவலை வந்ததாக எனக்கு நினைவில்லை. நாங்களும் ஒரு வகுப்பில் போட்டுப் பார்த்தோம். 'ப'வுக்கு இரண்டு மூலை உண்டு. அரை மணி நேரத்தில், யார் போய் மூலையில் உட்கார வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். முன்பு ஒரு கடைசி இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

அந்தப் பள்ளியின் வராண்டாவில் 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டி ஒன்று உண்டு. பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போடலாம். ஒரு கூட்டத்தில் அதைத் திறந்தோம். பாதிக் கடிதம் கழிப்பறையைப் பற்றி. சிலது, விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வதைப் பற்றி. ஒரு சின்னத் தாள், நோட்டிலிருந்து கிழித்தது, பென்சிலில் எழுதியிருந்தது: "எல்லாரையும் தங்கம்னு சொல்றீங்க. எங்கள மட்டும் மலைப்புள்ளைங்கனு சொல்றீங்க. எங்களுக்கும் பேர் இருக்கு டீச்சர்."

கூட்டத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் உறுப்பினர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது யாரு கையெழுத்துன்னு கண்டுபுடிச்சிடலாம். ஆறாங்கிளாஸ் நோட்ட எல்லாம் எடுத்தாறச் சொல்லுங்க" என்றார். மரியாதையான வகுப்பறைக்காக வைத்த பெட்டி, விசாரணைக் கமிஷனாக மாறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். எச்.எம். டீச்சர் எழுந்து அவர் கையிலிருந்து தாளை வாங்கினார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "நோட்டு ஒண்ணும் வேணாம் சார். எழுதினது யாருன்னு எனக்கு வேணாம். எழுதுற மாதிரி கூப்பிட்டது யாருன்னு தெரியும், எங்க ஸ்டாஃப்தான். நான் பேசிக்கிறேன்" என்றார். அடுத்த வாரம் நான் போனபோது ஆறாம் வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுப்பேர். டீச்சர் தலை நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பேரைச் சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் செல்போனைத் தொட்டார். இதற்குச் சுற்றறிக்கை வரவில்லை. போட்டோவும் யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி வேண்டாம், பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருந்தன. யார் எங்கே உட்காருவது என்பதை ஒரு முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வகுப்பறை வந்திருக்கிறது. அவர்களாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததன் விலை அது.

போன வருஷம் எங்கள் 87 செட் சந்திப்பு நடந்தது. ஃப்ளெக்ஸ் பேனர், ஆளுக்கொரு மஞ்சள் டி-ஷர்ட், பிரியாணி. எண்பதைத் தொட்ட எங்கள் வாத்தியாரைக் காரில் அழைத்து வந்து மாலை போட்டோம். திடீரென்று பழைய லீடர் ஒரு புளிய விளாறை அவர் கையில் கொடுத்து, "ஐயா, ஒரே ஒரு அடி" என்று கையை நீட்டினான். இப்போது அவன் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன். பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். நகைக்கடைக்காரர், தாசில்தார், ஒன்றிய கவுன்சிலர், எல்லோரும் கண் கலங்கி ஆளுக்கொரு அடி வாங்கிக்கொண்டார்கள். வாத்தியாருக்குக் கை நடுங்கியது. பூவால் தொடுவதைப்போலத்தான் தொட்டார். வீடியோ எடுத்து எல்லாக் குரூப்பிலும் போட்டார்கள். "அன்னிக்கு வாங்குன அடிதாண்டா இன்னிக்கு நம்மள நிக்க வச்சிருக்கு" என்று கீழே எழுதியவனுக்கு எண்பது இதயங்கள் விழுந்தன.

ஆறாம் வகுப்பில் நாங்கள் 60 பேருக்கு மேல் இருந்தோம். பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவில் 30 பேர்கூட இல்லை. அந்த போட்டோவில் இருப்பவர்கள்தான் இன்று வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். அதில் ஒரு மலைப் பையன்கூட இல்லை. அடி எங்களை நிற்க வைத்தது என்று சாட்சி சொல்ல, நின்றவர்கள் மட்டும்தான் வந்திருக்கிறோம். அதே அடி உட்கார வைத்தவர்களிடம் யாரும் நம்பர் வாங்கி வைக்கவில்லை.

அதனால்தான் ஒவ்வொரு மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் யாராவது எழுந்து, "கம்ப மறுபடி கையில குடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும்போது கைதட்டல் வருகிறது. தட்டுகிறவர்கள் கீழ்நாட்டுப் பெற்றோர்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கிறது. மலை மேலே வெள்ளிமலைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது முடியும்வரை உட்கார முடியாது. ஆகவே அவர்கள் வருவதில்லை. வராததால் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாமலே எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று.

பெஞ்சைத் திருப்பிப் போடுவதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசும் வேண்டாம், செயலியும் வேண்டாம். கூட்டத்தை மலைக்காரர்கள் வந்து போகக்கூடிய நேரத்துக்கு மாற்றுங்கள். அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பு வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் அவர்களிடம் கேளுங்கள்.